சூளை பார்க்கப் போன ஊர்

சுராபாயாவுக்குப் போக விடுப்பு எழுதிக் கொடுத்தபோது, வானொலி நிலையத்தில் ஆளாளுக்கு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "புரோமோ மலைக்கா? சூரிய உதயம் பார்க்கவா?"

இல்லை, ஜொம்பாங் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு, கண்ணாடி மணி செய்கிறவர்களைப் பார்க்க என்றேன். எதற்கு என்றார்கள். சூளை வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டு வரலாம் என்றேன். என் காலை அங்கத்தின் தயாரிப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சூளைன்னா, செங்கல் சூளையா?"

செங்கல் சூளை இல்லை. கேக் சுடும் அடுப்பின் அளவில் இருக்கும் மின்சாரப் பெட்டி. எம்சிஓ காலத்தில் பொழுது போகாமல் நான் தொடங்கிய கண்ணாடி மணி வேலை, கட்டுப்பாடு எல்லாம் முடிந்த பிறகும் என்னை விடவில்லை. கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தை ஒட்டி, ஒரு மேசை, ஒரு தீக்குழல், ஒரு கேஸ் தோங். பென்சில் தடிமனில் இருக்கும் கண்ணாடிக் குச்சியைத் தீயில் காட்டினால் தேன் மாதிரி இளகும். களிமண் குழம்பு பூசிய கம்பியை இடது கையில் உருட்டிக்கொண்டே, வலது கையில் இருக்கும் அந்தத் தேனைக் கம்பியில் சுற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் மணி ரெடி. பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பாடு எனக்குப் புரிந்தது என் தங்கச்சி மகள் பிறந்தபோது. முப்பதாம் நாள் தொட்டில் போடுவதற்குக் கறுப்பு மணி வளையல் வாங்க வேண்டும் என்று அம்மா சொன்னார். கடையில் இப்போது கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக். பெரியம்மாவாகிய நானே கண்ணாடியில் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்டாணி அளவில் பதினெட்டு மணிகள். கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்தது. வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைவிட வளையலை அதிகம் பார்த்தார்கள் என்று சொன்னால் தங்கச்சி கோபித்துக்கொள்வாள். ஆனால் அதுதான் உண்மை.

பதினோராம் நாள் ஒரு மணி இரண்டாகப் பிளந்தது. யாரும் தொடவில்லை, எதிலும் இடிபடவில்லை. ஒரு பாதி பாயில் கிடந்தது. மறுபாதி தங்கச்சியின் சட்டை மடிப்பில் இருந்தது. உடைந்த விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன், கீறியது. கைமுட்டியை வாயில் போட்டுச் சப்புகிற பிள்ளை.

அம்மாவுக்கு அதில் பயமே இல்லை. "கண்ணு பட்டிருக்கும்மா. பிள்ளைமேல விழ வேண்டியதை மணி வாங்கிக்கிச்சு" என்றார். ஒரு பாதியை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மேடையில் வைத்தார். செய்தி பரவியது. ஈப்போவிலிருந்து மாமி கூப்பிட்டு, தன் பேத்திக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அது எந்தக் கண்ணும் பட்டு வெடித்ததல்ல. சூடான மணிகளை, செடித் தொட்டியில் போடுவார்களே வெர்மிகுலைட், அதை நிரப்பிய பிஸ்கட் தகரத்தில் புதைத்து ஆறவிட்டதோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டதால் வெடித்தது.

கஞ்சி ஆறும்போது மேலே ஆடை கட்டுகிற மாதிரி, மணியின் வெளிப்புறம்தான் முதலில் இறுகும். உட்புறம் அப்போதும் சூடாக இருக்கும். அதுவும் ஆறி ஆறிச் சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிவிட்ட வெளிப்புறம் இடம் கொடுக்காது. இந்த இழுபறி மணிக்குள்ளேயே பூட்டிக்கொண்டு கிடக்கும். மறுநாள் வெடிக்கலாம், ஒரு மாதம் கழித்து வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். இதைத் தளர்த்தத்தான் சூளை. நான் பயன்படுத்தும் இத்தாலியக் கண்ணாடி என்றால் 515, 520 டிகிரி செல்சியஸில் மணியை நிறுத்தி வைக்க வேண்டும். உருகாது, வடிவம் கெடாது, ஆனால் உள்ளே இருக்கும் இறுக்கம் விட்டுப்போகும். பிறகு மெல்ல மெல்லச் சூட்டை இறக்க வேண்டும். அனீலிங் என்கிறார்கள். தகரத்தில் புதைப்பது சூட்டைக் கொஞ்சம் மெதுவாக இறக்கும், அவ்வளவுதான். அது அனீலிங் ஆகாது.

மாமியின் பேத்திக்கு நான் எந்த வளையலையும் செய்யவில்லை. கையில் 4,000 ரிங்கிட் சேர்த்திருந்தேன். மூன்று சூளைகளின் படங்கள் கைப்பேசியில் இருந்தன. இரண்டு மாதமாக அவற்றையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பவர்களைக் கேட்டால் தங்களுடையதே சிறந்தது என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

*

ஜாவாவின் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. மாலை ஐந்தரை, ஐந்தேமுக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும், காலை ஐந்தரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம். காலை அங்கத்துக்காக நாலு மணிக்கு எழுந்தே பழகிப்போன எனக்கு இந்த ஊர் கடிகாரம் மிகவும் பிடித்துப்போனது. சுராபாயா குபெங் நிலையத்தில் ரயில் ஏறினேன். கிரியான், மொஜொகெர்த்தோ என்று நிலையங்கள் கடந்தன. ஜன்னலுக்கு வெளியே நெல், கரும்பு, மறுபடியும் நெல். மொஜொகெர்த்தோவுக்குப் பக்கத்தில்தான் துரோவுலான் இருக்கிறது. மஜாபாஹிட் பேரரசின் தலைநகரம் இருந்த இடம். பள்ளியில் வரலாற்றுப் புத்தகத்தில் படித்ததோடு சரி, இந்த முறையும் இறங்கவில்லை. சூளை அவசரம்.

ஜொம்பாங்கில் இறங்கி, நசி பெச்செல் சாப்பிட்டேன். வெந்த கீரை, பயற்று முளை, மேலே காரமான கச்சான் குழம்பு, கூடவே அப்பளம் மாதிரி ரெம்பெயெக். ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கே போகிறாய் என்று பேச்சுக் கொடுத்தார். நமக்கு மலாய் தெரியுமே, இந்தோனேசியாவில் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் 'பிசா' என்றால் 'முடியும்'. நமக்கு அது பாம்பின் விஷம். நாம் 'பெர்ச்சுமா' என்றால் 'இலவசம்'. அவர்களுக்கு அது 'வீண்'. இந்த இரண்டாவது சொல்லில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன், அதற்கு வருகிறேன்.

ஜொம்பாங் நகரத்திலிருந்து தென்மேற்கே குடோ வட்டாரம். அங்கே ஒரு பழைய சீனக் கோயில் இருக்கிறது, ஹோங் சான் கியோங் என்று பெயர். கையில் மாட்டிக்கொண்டு ஆட்டும் பொத்தேஹி பொம்மலாட்டத்துக்குப் பெயர்போன இடம். அதைத் தாண்டிப் போனால் பிளும்போன் கம்பாங் கிராமம். கிராமத்துக்குள் நுழைந்ததும் நான் கவனித்தது சத்தத்தைத்தான், தொழில் புத்தி. வீட்டுக்கு வீடு 'ஸ்ஸ்ஸ்' என்று தீக்குழல் சத்தம். மைக் முன்னால் உட்காரும் எங்களுக்கு இந்தச் சத்தம் எதிரி. ஆனால் அன்றைக்கு, என் பின்கட்டில் மட்டும் கேட்கும் ஒரு சத்தம் ஊர் முழுக்கக் கேட்கிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

வாசல்களில் சாக்குமூட்டைகள். உள்ளே உடைந்த ஜன்னல் கண்ணாடி, பாட்டில், வாசனைத் திரவியக் குப்பி. இதைத்தான் உருக்கி, குச்சியாக இழுத்து, மணியாக்குகிறார்கள். பக்கத்திலேயே கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட மணிகள். போர்னியோ மக்களின் பழைய மணிகளைப் பார்த்துச் செய்தவை, பாலியின் கடைகளுக்குப் போகிறவை, சில என் பெருவிரலைவிடத் தடிமன்.

எனக்கு வழி சொன்னவர்கள் ஒரு பெரியவரிடம் அனுப்பினார்கள். அறுபதைத் தாண்டியிருப்பார். நான் அவரை 'பாக்' என்றேன். அவர் என்னை 'ம்பாக்' என்றார், ஜாவா வழக்கில் அக்கா. பாக், ம்பாக் என்று நாங்கள் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டதைப் பதிவு செய்து வானொலியில் போட்டிருக்கலாம்.

உட்கார்ந்ததும் என் பணப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தேன். சாமி மேடைக்குப் போகாத அந்த மறுபாதி மணி.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். சூளையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. கறுப்பும் வெள்ளையும் ஒரே இடத்தில் வாங்கியதா என்று கேட்டார். ஆமாம், ஒரே தயாரிப்பு என்றேன். பிறகுதான் விளக்கினார். ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் ஒவ்வொரு அளவுக்கு விரியும், சுருங்கும். பொருந்தாத இரண்டு கண்ணாடிகளை ஒட்டவைத்தால் எந்தச் சூளையாலும் காப்பாற்ற முடியாது. அப்படிப் போன மணியில் விரிசல் இரண்டு நிறமும் சேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து ஓடும். என்னுடையது அப்படி இல்லை. கம்பி இருந்த துளையிலிருந்து, வெள்ளைப் புள்ளியையும் சேர்த்து அறுத்துக்கொண்டு, நேராகப் போயிருந்தது. "இது ஆற்றாத குறை" என்றார்.

எனக்கு இது நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இரண்டு மாதமாகச் சூளையைப் பற்றியே யோசித்த நான், கோளாறு சூளையில்தானா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கண்ணாடி பொருந்தாமல் போயிருந்தால், 4,000 ரிங்கிட் கொடுத்து வாங்கிய சூளைக்குள் வைத்து ஆற்றிய பிறகும் மணி வெடித்திருக்கும்.

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார். சூடு சீக்கிரம் இறங்கினால், எவ்வளவு அழகாகச் செய்தாலும் பெர்ச்சுமா. எதை இலவசமாகத் தருகிறார் என்று நான் முழித்தேன். உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மருமகள்தான் சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

*

அவருடைய சூளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தீக்குழலுக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் தகரத்தைக் காட்டினார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. என் பிஸ்கட் தகரத்துக்கு இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்திருக்க வேண்டாமே!

சிறிய மணிகளுக்கு மட்டும்தான் சாம்பல் என்றார். பச்சரிசி அளவு, மிளகு அளவு என்றால் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஆறிவிடும், இழுபறிக்கு இடமில்லை. தடிமன் கூடக்கூடத்தான் தொல்லை. தடிமன் இரண்டு மடங்கானால் ஆற்ற வேண்டிய நேரம் நாலு மடங்கு என்பது கண்ணாடிக்காரர்களின் கணக்கு. எட்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் அவர் சாம்பலை நம்புவதில்லை. அதற்குப் பின்வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார். முழங்கால் உயரம், சூடு தாங்கும் செங்கல்லில் அவரே கட்டியது, மூன்று கிலோ கேஸில் எரிவது. பச்சை நிறத்தில் உருண்டையாக இருக்கும் அந்தத் தோங்கை அங்கே 'மெலோன்' என்கிறார்கள்.

ஏன் மின்சாரச் சூளை வாங்கவில்லை என்று கேட்டேன். சுவரில் இருந்த மீட்டரைக் காட்டினார். அந்த வீட்டுக்கு வந்திருக்கும் இணைப்பு 900 வோல்ட் ஆம்பியர். அங்கே 450, 900, 1300 என்று அளவு பார்த்துத்தான் வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். சோற்றுப் பானையும் தண்ணீர்ப் பம்பும் ஒன்றாக ஓடினாலே 'ஜெக்லெக்' என்று விழுந்துவிடும். விழும் சத்தத்தையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். நான் பார்த்து வைத்திருந்த சூளைகளிலேயே சிறியது 1,500 வாட். இந்த வீட்டில் சுவிட்சைப் போட்ட மறுகணமே ஜெக்லெக்தான். கிள்ளானில் என் வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண மூன்று முனைப் பிளக் 13 ஆம்பியர், அதாவது மூவாயிரம் வாட் தாங்கும் என்பதை நான் அதுவரை ஒரு வசதியாக நினைத்துப் பார்த்ததில்லை.

என் கைப்பேசிப் படங்களைக் காட்டினேன்.

முதலில், ஒரு மட்பாண்டப் பட்டறையை மூடுகிறவர் விற்கும் பழைய சூளை. மேலிருந்து மூடி திறக்கும் டிரம். 1,500 ரிங்கிட்தான், மலிவு. பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ம்பாக், நீங்களே இதற்குள் உட்காரலாம்" என்றார். அவ்வளவு பெரிய வயிற்றைச் சூடாக்கி ஒரு நாளைக்கு இருபது மணி வைப்பதற்கா? அதோடு, மூடியைத் திறக்கிறபோதெல்லாம் 500 டிகிரி வெப்பம் நேராக முகத்துக்கு வரும். சுற்றிலும் திறந்திருக்கும் சூட்டுக் கம்பிகளில் நம் கையில் இருக்கும் இரும்புக் கம்பி பட்டால் மின்சாரம் பாயும். கதவு திறந்ததும் மின்சாரம் தானாக நிற்கிற அமைப்பு இருக்கிறதா என்று கேட்டார். படத்தில் தெரியவில்லை. இருந்திருந்தாலும் அந்த டிரம்முக்கு என் வீட்டுப் பிளக் போதாது, தனிக் கம்பி இழுக்க வேண்டும். செய்து முடித்து ஆறிப்போன மணிகளை மொத்தமாக அடுக்கி மறுபடியும் மெல்லச் சூடேற்றி ஆற்றுகிறவர்களுக்கு அது சரி. ஆனால் அந்த முதல் ஆறுதலிலேயே பாதி வெடித்துப்போகும் என் தடித்த மணிகளுக்கு அது உதவாது.

இரண்டாவது, வெள்ளைப் பஞ்சு மாதிரி பீங்கான் நாரில் செய்த பெட்டி. நகைக்காரர்களும் பல் மருத்துவக் கூடங்களும் பயன்படுத்துவது. தூக்க லேசு, அரை மணிக்குள் சூடேறும், விலையும் என் கைக்குள். என் மனம் இதில்தான் பாதி இருந்தது. அவர் ஒரே கேள்வி கேட்டார். "மின்சாரம் போனால்?"

நம் ஊரில் அப்படிப் போகாது, பாக், என்று சொல்ல வாயெடுத்தேன். இடி இடித்தால் எங்கள் தாமானில் எத்தனை தடவை பியூஸ் விழுந்திருக்கிறது என்று நினைவுக்கு வந்தது. மழை மாலையில்தான் வரும், நான் மணி செய்வதும் மாலையில்தான். நார்ப் பெட்டி சீக்கிரம் சூடாவதைப் போலவே சீக்கிரம் ஆறியும் விடும். கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை, அது சூட்டைப் பிடித்துப் பிடித்து இறக்கும். மின்சாரம் நின்றால் பிடிக்க ஆளில்லை. செங்கல் அப்படியல்ல. வயதான மனிதர் மாதிரி, சூடாகவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். தவிர அந்த நார் தூசியாக உதிர்ந்தால் நுரையீரலுக்கு ஆகாது. துணி காயும் இடத்துக்குப் பக்கத்தில் நான் மேசை போட்டிருப்பதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

மூன்றாவது, அமெரிக்காவில் செய்த சின்னச் செங்கல் சூளை. முன்பக்கம் ஒரு கதவு, அந்தக் கதவுக்குள்ளேயே அஞ்சல் பெட்டி வாய் மாதிரி ஒரு நீளமான சின்னக் கதவு. மணி செய்கிறவர்களுக்கென்றே வைத்தது. ஒரு மணி முடிந்ததும் பெரிய கதவைத் திறக்காமல் இந்த வாயைத் தூக்கி, கம்பியோடு உள்ளே நீட்டிவிடலாம். மணி உள்ளே இருக்கும், கம்பியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் மணிகளின் சூடும் இறங்காது. நாள் முழுக்க 515 டிகிரியிலேயே நிற்கும். கடைசி மணி போன பிறகு கன்ட்ரோலரில் நிரலைத் தட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

குறை இருக்கிறதா? இருக்கிறது. விலை, அதன்மேல் கப்பல் கட்டணம். அமெரிக்காவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 240. கேட்டு வாங்காவிட்டால் அவர்கள் ஊர்ச் சூளை வந்து சேரும். இன்னொன்றையும் பெரியவர்தான் பிடித்தார். சின்னக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? மணிக்கம்பி உங்கள் இடது கையில் இருக்கிறதே, சூளை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்? என்னை எழுப்பி, தன் முக்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, தீயிலிருந்து சூளைக்கு நீட்டச் சொன்னார். வலது பக்கம் நீட்டினால் தீக்குழலுக்கு மேலாகக் கை போகிறது. இடது பக்கம்தான் சரி. விவரக் குறிப்பை எத்தனை தடவை படித்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

கன்ட்ரோலர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டேன். அவர் கட்டிய பெட்டியிலும் ஒரு மீட்டர் இருந்தது. அது உணரும் முனை ஓர் இடத்தில், மணி இருப்பது இன்னோர் இடத்தில், இரண்டும் ஒன்றாக இருக்காது என்றார். நூல் மாதிரி மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒன்றை இரண்டு கல்லுக்கு நடுவே பாலம்போல வைத்து உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குச்சி நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. அப்படியே நேராக நின்றால் சூடு போதவில்லை, தொப்பென்று விழுந்துவிட்டால் அதிகம். அவருடைய பாட்டில் கண்ணாடிக்கு என் இத்தாலியக் கண்ணாடியைவிட இருபது முப்பது டிகிரி கூடுதலாக வேண்டும். அதனால் எந்த எண்ணையும் பிறர் சொல்லிக் கேட்காமல் அவரவர் குச்சியை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

புறப்படும் நேரத்தில், அந்த உடைந்த மணி யாருக்குச் செய்தது என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது. அவர் பேத்தி, மூன்று வயது இருக்கும், திண்ணையில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். மணிக்காரர் வீட்டுப் பிள்ளை, கையிலும் கழுத்திலும் ஒரு மணிகூட இல்லை. "கடிக்கிற வயது போகட்டும்" என்றார். என்னைத் திட்டவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆனால் அந்த ரயில் பயணம் முழுக்க அந்த ஐந்து நிமிடம்தான் என் மனத்தில் ஓடியது.

*

மலாயில் மணிக்கு 'மானிக்' என்கிறோம். அங்கேயும் அதேதான். திரும்பி வந்த வாரக் கடைசியில், காரணமில்லாமல் காரை எடுத்துக்கொண்டு வடக்கே ஓட்டினேன். ஜெராய் மலை அடிவாரத்தில், மெர்போக்கில், லெம்பா பூஜாங் தொல்பொருள் அரும்பொருளகம். ஐந்தாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவில் வந்த இடம். அன்றைக்கு எங்களுக்குப் பிடித்தது சண்டிக்குப் பக்கத்தில் ஓடும் ஆறும், பேருந்தில் கொடுத்த நசி லெமாக்கும்தான். கண்ணாடிப் பேழையில் மணிகள் இருந்ததே நினைவில்லை.

இந்த முறை அவற்றின் முன்னால் நின்றேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, செம்மண் நிறம், மஞ்சள், நீலம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இருந்த மணிப் பட்டறைகளின் அதே வகை. நம் கெடாவில் சுங்கை மாஸிலும், பேராவில் கோலா செலின்சிங்கிலும் இதே மணிகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. சுங்கை மாஸில் அவற்றைச் செய்தே இருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சுற்றிச் செய்ததல்ல. உருகிய கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடியும் சூடேற்றி முனையை உருட்டியது. ஆந்திராவில் பாப்பநாயுடுபேட்டையில் நம் காலம்வரை அப்படிச் செய்துவந்திருக்கிறார்கள். மிளகைவிடச் சின்ன மணி. குடோ பெரியவரின் கணக்குப்படி, அவர்களுக்குச் சூளைக் கவலையே இருந்திருக்காது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மண்ணில் கிடந்து வெடிக்காத மணியைப் பார்த்து, பதினோரு நாளில் வெடித்த மணியைச் செய்தவள் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

சூளை வாங்கினேன். மூன்றாவது வகைதான், 240 வோல்ட், சின்ன வாய்க் கதவு, இடது பக்கம் வைக்கிற மாதிரி. சேமிப்பு போதவில்லை. தீபாவளிக்கு இரண்டு மேடை நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டு மீதியைச் சரிக்கட்டினேன். துணி காயும் கொடியை வேறு பக்கம் மாற்றினேன். அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

முதல் நாள் எட்டுக் கறுப்பு மணிகள், அதோடு அதே அளவில் நிறமில்லாத தெளிந்த மணி ஒன்று. கறுப்புக்குள் இறுக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. தெளிந்த மணியில் முடியும். மடிக்கணினித் திரையை வெள்ளையாக வைத்துவிட்டு, போலராய்ட் குளிர்க்கண்ணாடியைத் திரை இருட்டாகத் தெரியும்வரை திருப்பி, அதன் வழியாக நடுவில் மணியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இறுக்கம் இருந்தால் மணிக்குள் வெளிச்சக் கீற்று தெரியும். இல்லாவிட்டால் மணியும் இருட்டாகவே இருக்கும். 515 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு மணிக்கு ஐம்பது டிகிரியாக 370 வரை, அதற்கப்புறம் தானாக ஆறட்டும். நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன், உள்ளே இன்னும் 140. திறக்கக் கை துடித்தது. திறக்காமல் வேலைக்குப் போனேன். அன்றைய அங்கத்தில் ஒரு பாடலின் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். நேயர்கள் மன்னித்திருப்பார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி பிள்ளையோடு வந்திருந்தாள். அம்மா சமையலறையில் இருந்தார். நான் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, அன்றைக்கு மணி உடைந்தது கண் பட்டதால் இல்லை, நான் சரியாக ஆற்றாததால்தான் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "அன்னிக்கு ராத்திரியே மீதியெல்லாம் கழட்டி டப்பாவுல போட்டுட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே. இன்னமும் அந்தத் துணிமுடிச்சுக்கு விளக்கு காட்டிக்கிட்டு இருக்காங்க."

புது வளையல் இப்போது வேண்டாம், பிள்ளை பெரியவளாகட்டும் என்றேன். அவள் ஏற்கெனவே அந்த முடிவில்தான் இருந்தாள். ஆனாலும் மணியைப் பார்க்க வேண்டும் என்றாள். மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். என் குளிர்க்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அந்தத் தெளிந்த மணியைத் திரைமுன் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலையேக்கா. இருட்டாத்தான் இருக்கு."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். ஒரு கீற்றுகூட இல்லை."

பிள்ளை குளிர்க்கண்ணாடியைப் பிடுங்கக் கையை நீட்டியது. நான் எட்டு மணிகளையும் எண்ணிப் பார்த்து, டப்பாவில் போட்டு, எட்டாத உயரத்தில் வைத்தேன்.